கெய்ன்ஸ் முதல் டார்வின் வரை தீவுக் கப்பல்: சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையை ஒட்டி, கெய்ன்ஸில் ஏறி டார்வினில் இறங்கும் சிறிய சொகுசுக் கப்பல் பயணம் ஒன்று இருக்கிறது. சில சமயம் எதிர்த்திசையிலும் போகும். பத்து முதல் பன்னிரண்டு நாள் ஆகும். வழியில் பவளத்திட்டுகள், டோரஸ் நீரிணைத் தீவுகள், ஆர்னம் லேண்ட், திவி தீவுகள் வரும். சென்னையில் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மகனோ மகளோ சிட்னியிலோ மெல்பர்னிலோ இருப்பார்கள். "பேரனைப் பார்க்கப் போகிறோம், அப்படியே இதையும் முடித்துவிடலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவர்கள் கேட்டவையும், கேட்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டியவையும் கீழே.

இது எந்த மாதிரிக் கப்பல்? காசினோ, ஷோ எல்லாம் உண்டா?

கிடையாது. 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா கிளம்பிய பிறகு, நம் ஊரில் க்ரூஸ் என்றாலே பத்து மாடி, நீச்சல்குளம், ராத்திரி ஆட்டம் பாட்டம் என்று மனதில் பதிந்துவிட்டது. இது வேறு. நூறு, நூற்றைம்பது பேர், மிஞ்சினால் இருநூறு பேர்தான் இருப்பார்கள். இந்தக் கடலில் ஓடும் கப்பல்களில் ஒன்றான கோரல் அட்வெஞ்சரரில் 120 பேருக்குத்தான் இடம். மாலையில் டெக்கில் ஒரு பானம், கடல் உயிரினங்கள் பற்றியோ வரலாறு பற்றியோ ஒரு பேச்சு, சாப்பாடு, தூக்கம். காலை ஆறு மணிக்கெல்லாம் அடுத்த கரை.

சொகுசு என்று இங்கே சொல்வது நல்ல அறை, நல்ல சாப்பாடு, கூட்டம் இல்லாமை, அறிந்தவர்கள் கூட வருவது. பெரிய கப்பலால் இங்கே பல இடங்களுக்குக் கிட்டவே வர முடியாது. ஆழம் போதாது, நிறைய இடங்களில் படகுத்துறையும் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ரப்பர் படகில் கரைக்குப் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். கால் சட்டை நனைவதற்குத் தயாராக இருப்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

எங்கெங்கே நிற்கும்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவான வரிசை இது. கெய்ன்ஸிலிருந்து வடக்கே லிசார்ட் தீவு. 1770 ஜூன் 11 அன்று ஜேம்ஸ் குக்கின் கப்பல் பவளத்திட்டில் மோதியது. இன்றைய குக்டவுன் இருக்கும் ஆற்று முகத்தில் ஏழு வாரம் தங்கி அதைப் பழுதுபார்த்தார்கள். அப்புறம் வெளிக்கடலுக்கு வழி தெரியாமல் குக் இந்த லிசார்ட் தீவின் உச்சிக்கு ஏறி, திட்டுகளுக்கு நடுவே இடைவெளி எங்கே இருக்கிறது என்று தேடினார். 350 மீட்டருக்கு மேல் உயரம். பரங்கிமலை ஏறியே மூச்சு வாங்குபவர்கள் கீழே கடற்கரையில் இருந்துகொள்ளலாம், அங்கேயும் நேரம் போவதே தெரியாது.

பிறகு கேப் யார்க் முனை. அதைத் தாண்டினால் டோரஸ் நீரிணையில் தேர்ஸ்டே தீவு. அடுத்து கார்ப்பென்டேரியா வளைகுடாவைக் குறுக்கே கடக்கும் நாள். கரையே தெரியாது. புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஆர்னம் லேண்ட் என்ற பழங்குடி நிலப்பகுதியும் அதிலுள்ள யிர்கலா என்ற ஊரும். கடைசியில் திவி தீவுகள், டார்வின்.

அந்தமான் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே பழங்குடிகளைப் பார்க்க முடியாதா?

முடியாது. முடியவும் கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே பதில் சொல்வேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் போகிறது. மூன்று நாள் ஆகும். சொகுசு என்ற பேச்சே கிடையாது. அங்குள்ள பழங்குடிகளைப் பாதுகாக்க 1956-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. 2018 நவம்பரில் மதம் பரப்பும் எண்ணத்தோடு திருட்டுத்தனமாகப் போன அமெரிக்க இளைஞர் அங்கே கொல்லப்பட்டார். ஜாரவா மக்கள் இருக்கும் காட்டு வழியாகச் செல்லும் சாலையில், சுற்றுலா வண்டிகளிலிருந்து அவர்களைச் சாப்பாட்டுக்கு ஆடச் சொன்ன வீடியோ 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது.

அந்த மக்கள் நம்மைக் கூப்பிடவில்லை. வெளியாட்கள் போனால் நோயும் சேர்ந்து போகும். திவி தீவிலோ யிர்கலாவிலோ நிலைமை வேறு. எந்த நாள், எத்தனை பேர், எங்கே வரை, எவ்வளவு கட்டணம் என்று அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்கிறார்கள். நீங்கள் கட்டும் பணத்தில் எனக்கு மதிப்புள்ளதாகத் தெரிவது அந்த அழைப்புதான். அறையின் பால்கனி எல்லாம் அப்புறம்.

கரையில் இறங்க யாருடைய அனுமதி வேண்டும்? ஆஸ்திரேலிய விசா இருந்தால் போதாதா?

போதாது. நீங்கள் தனியாக எதுவும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கப்பல் கம்பெனியே வாங்கிவிடும். ஆனாலும் அந்த அனுமதி எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

1963-ல் ஆர்னம் லேண்டின் கோவ் தீபகற்பத்தில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது வெட்ட, அங்குள்ள யோல்ங்கு மக்களைக் கேட்காமலே அரசு நிலத்தை ஒதுக்கியது. யிர்கலா ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனு தயார் செய்தார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களின் சித்திரங்களை வரைந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் கண்ணில் அந்தச் சித்திரம்தான் பட்டா. எந்த நிலம், எந்த நீர் யாருடையது என்று அதிலேயே இருக்கிறது. சுரங்கம் நிற்கவில்லை. வழக்குப் போட்டார்கள், 1971-ல் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி கிளப்பிய கேள்விகள் ஓயவில்லை. 1976-ல் வட பிரதேசத்துக்கான (டார்வினும் ஆர்னம் லேண்டும் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி) பழங்குடி நில உரிமைச் சட்டம் வந்தது. ஆர்னம் லேண்ட் அவர்கள் பெயருக்குப் போனது.

சரி, நிலம் கிடைத்தது. கடற்கரை? அதற்கு இன்னும் முப்பது வருடம் ஆனது. புளூ மட் பே என்ற விரிகுடா தொடர்பான வழக்கில் 2008 ஜூலையில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பழங்குடி நிலத்தை ஒட்டி, ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கும் பகுதியும் அவர்களுடையதே, அதன் மேல் தண்ணீர் நிற்கும்போதும் அவர்கள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது என்றது. வட பிரதேசக் கரையில் சுமார் 80 சதவீதம் இதில் அடங்கும். ஆக, உங்கள் ரப்பர் படகு மணலில் தட்டுகிற அந்த இடம் கூட ஒருவருக்குச் சொந்தம்.

டோரஸ் நீரிணைக்கு வேறு கதை. மரே தீவில் பிறந்து, டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர் எடி மாபோ. தன் தீவு நிலம் சட்டப்படி தன்னுடையது இல்லை, அரசுடையது என்று அங்கேதான் பேராசிரியர்கள் சொல்லக் கேட்டார். 1982-ல் இன்னும் சிலரோடு வழக்குத் தொடுத்தார். பத்து வருடம் நடந்தது. 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பு. வெள்ளையர் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கொள்கையே அன்றோடு போனது. எடி மாபோ அதே ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்டார். நம் கோர்ட்டுகளில் இழுபடும் நில வழக்குகளைப் பார்த்துப் பழகிய யாருக்கும் இது உறைக்கும். மரே தீவில் எல்லாக் கப்பலும் நிற்காது. உங்கள் பயணத் திட்டத்தில் அது இருந்தால் அந்தத் தேதியையே பிடியுங்கள்.

ஊருக்குள் போனால் என்ன நடக்கும்?

திவி தீவுகளை எடுத்துக்கொள்வோம். பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு பெரிய தீவுகள், டார்வினுக்கு வடக்கே. பாதர்ஸ்ட் தீவில் வுருமியங்கா என்ற ஊர். வருபவர்களை இலைப் புகை போட்டு வரவேற்பார்கள். பச்சை இலைக் கொத்தை நெருப்பில் வைத்துப் புகைய விட்டு, அந்தப் புகை நம் மேல் படும்படி செய்வார்கள். சாம்பிராணி போட்ட வீட்டில் வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் ஏதும் தேவைப்படாது. முகத்தில் காவியும் வெள்ளையும் தீட்டிய பெரியவர்கள் அவரவர் குலத்துக்குரிய ஆட்டத்தை ஆடுவார்கள். சுறா, முதலை, எருமை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று.

அப்புறம் கலைக்கூடம். இங்கே அவசரப்படாதீர்கள். திவி ஓவியர்கள் தூரிகையோடு மரத்தில் செதுக்கிய ஒரு சீப்பையும் வைத்திருப்பார்கள். அதன் பற்களைக் காவியில் தோய்த்து அழுத்தினால் ஒரே வீச்சில் ஒரு வரிசைப் புள்ளி விழும். நம் கோலப்புள்ளி மாதிரிதான், கை ஒரு முறை இறங்கினால் பத்துப் புள்ளி. அதே சீப்பைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் இழுத்து, வேறு வேறு கோடுகளாக்குவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பெரும்பாலான பயணிகள் பத்து நிமிடத்தில் டி-ஷர்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். என்ன சொல்ல.

ஆர்னம் லேண்டில் மரப்பட்டை ஓவியம். மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஓடும்போதுதான் பட்டை முழுசாக உரியும். அதை நெருப்பில் வாட்டி, மேலே கனம் வைத்துத் தட்டையாக்கிக் காயவிட வேண்டும். மெல்லிய குறுக்குக் கோடுகளை மனிதத் தலைமுடியால் கட்டிய தூரிகையில் இழுப்பார்கள். அந்தக் கோடுகளின் அமைப்பு குலத்துக்குக் குலம் வேறு. இன்ன குடும்பத்துச் சித்திரத்தை இன்னார்தான் வரையலாம் என்ற கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது.

ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள். ஊரில் சாவு விழுந்தால் வருகை ரத்தாகும், கடைசி நிமிடத்தில் கூட. பணம் கட்டியிருக்கிறேன் என்று சண்டை போட முடியாது. துக்க வீட்டு வாசலில் யாராவது டிக்கெட்டைக் காட்டுவார்களா?

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். சில இடங்களில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம் என்று வழிகாட்டி முன்கூட்டியே சொல்வார். புனித இடங்கள், சில பாறை ஓவியங்கள், சில சடங்குகள் அப்படி. இறந்தவர்களின் பெயரைச் சொல்வதையும் படத்தைக் காட்டுவதையும் பல சமூகங்கள் தவிர்க்கும். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் இதற்காகவே நிகழ்ச்சிக்கு முன்னால் எச்சரிக்கை போடுவார்கள். குழந்தைகளை எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவது வேண்டாம். ட்ரோன், கேட்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் தமிழர்களும் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

இதைக் கேட்காத குழுவே கிடையாது. எம்130 என்ற மரபணுக் குறியீடு மதுரைப் பக்கத்து கிராமம் ஒன்றிலும் கிடைத்தது, ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. அதன் அர்த்தம், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாக நகர்ந்த ஆதி மனிதர்களின் தடம் இரண்டு இடத்திலும் மிஞ்சியிருக்கிறது என்பது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் அங்கே ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்கிறார்கள். தமிழ் என்ற மொழியே அப்போது கிடையாது.

இன்னொன்று, சுமார் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆட்கள் அங்கே போனார்கள் என்று 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-ல் ஆண்வழி மரபணுவை அலசிய இன்னொரு ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பூமராங் நம் வளரி மாதிரியே இருக்கிறது என்பதும் இந்தப் பட்டியலில் வரும். வளைந்த எறிகட்டை உலகில் பல இடங்களில் இருந்தது. தயவுசெய்து திவி தீவில் போய் வழிகாட்டியிடம் "நீங்கள் எங்கள் ஆட்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார், கூட வந்தவர்களுக்குத்தான் சங்கடம்.

டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் வேறு மக்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்களின் தோட்டப் பயிர், படகு, மேளம் எல்லாம் பப்புவா நியூகினி இருக்கும் மெலனீசியப் பக்கம் சாயும். பொதுவாக இரண்டு சமூகங்களின் பெயரையும் சேர்த்தே சொல்வது அந்நாட்டு மரபு.

அங்கே புளியமரம் இருக்கிறதாமே?

இருக்கிறது, இதை நம்மவர்கள் நேரில் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவின் மக்காசர் பக்கத்திலிருந்து வருடா வருடம் பருவக்காற்றோடு படகுகள் ஆர்னம் லேண்டுக்கு வரும். கடலட்டை பிடிக்கத்தான். பிடித்து, கரையில் கொப்பரை வைத்து வேகவைத்து, காயவைத்து, புகை போட்டுச் சீன வியாபாரிகளுக்கு விற்பார்கள். சாப்பிட்டுத் துப்பிய புளியங்கொட்டை முளைத்து மரமானது. இன்று கடற்கரையில் பெரிய புளியமரம் நின்றால், அங்கே மக்காசர்க்காரர்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று அடையாளம் சொல்கிறார்கள். யோல்ங்கு மக்களோடு கொடுக்கல் வாங்கல், கல்யாணம் காட்சி எல்லாம் நடந்தது. இரும்பும் துணியும் ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டன. அப்போது இந்தப் பகுதியை நிர்வகித்த தெற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு உரிமம் தர மறுத்ததால் 1907-ல் இந்த வரத்து நின்றது.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கடலட்டை கடத்தல் என்று அடிக்கடி செய்தி படிக்கிறோமே, அதே சீனச் சந்தைதான். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட உயிரினம். அங்கே உரிமம் உண்டு.

தேர்ஸ்டே தீவில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் கல்லறை. ஜப்பானியர் கல்லறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் முத்துச்சிப்பிக்குக் கடலில் இறங்கியவர்கள். அங்கே முத்தைவிடச் சிப்பியின் ஓட்டுக்குத்தான் விலை. சட்டைப் பொத்தான் செய்ய ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. தூத்துக்குடியில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கினார்கள் நம் ஆட்கள். இவர்கள் செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த பூட்ஸ் மாட்டி, மேலிருந்து குழாயில் காற்று வாங்கி இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். சட்டென்று மேலே ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகி ஆள் காலி. பிளாஸ்டிக் பொத்தான் வந்ததும் தொழிலே படுத்துவிட்டது. ஜப்பான், மலாய், பிலிப்பைன்ஸ், இலங்கை என்று எல்லா ஊர் ஆட்களும் வந்து கலந்ததால் தீவில் முகங்களும் குடும்பப் பெயர்களும் அப்படிக் கலந்து கிடக்கும்.

குன்றின் மேல் ஒரு கோட்டை. ரஷ்யா படையெடுத்து வரும் என்று பயந்து 1890-களில் கட்டியது. ரஷ்யா வரவில்லை. காட்சி நன்றாக இருக்கும், ஏறிப் பாருங்கள்.

இங்கிருந்து பப்புவா நியூகினி எட்டும் தூரம். வடகோடியில் உள்ள சைபாய் தீவிலிருந்து அந்நாட்டுக் கரை நாலைந்து கிலோமீட்டர்தான். 1978-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இரண்டு பக்கத்துப் பாரம்பரியக் குடிகளும் மீன்பிடிக்கவும் உறவுக்காரர்களைப் பார்க்கவும் பாஸ்போர்ட் இல்லாமல் போய் வரலாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நம் மீனவர்கள் போய் வருவதை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அங்கே வருடம் முழுக்க அந்த வசதி இருக்கிறது. பயணிகளுக்கு இது பொருந்தாது.

கடல் பசுவை அடித்துச் சாப்பிடுகிறார்களாமே?

ஆமாம். சட்டப்படி. பாரம்பரிய உரிமை உள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டுக்கும் சடங்குக்கும் கடல் பசுவையும் ஆமையையும் வேட்டையாடலாம், விற்கக் கூடாது. உலகத்திலேயே அதிகமாகக் கடல் பசு இருக்கும் இடம் இந்த டோரஸ் நீரிணை. நம் பக்கம் பாக் விரிகுடாவில் மிச்சமிருப்பவற்றைக் காப்பாற்ற 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். எண்ணிக்கை அவ்வளவு கம்மி. நம் நிலவரத்தை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போய்த் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான வருடம் அதையே உண்டும் அது அங்கே குறையவில்லையே, அதை யோசிக்க வேண்டும். உங்கள் தட்டில் அது வராது, கவலை வேண்டாம்.

நாங்கள் சைவம். என்ன செய்வது?

பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முட்டை உண்டா, வெங்காயம் பூண்டு உண்டா என்பது வரை. நடுக்கடலில் போய்ச் சொன்னால் கேரட்டும் பிரெட்டும்தான். முன்கூட்டியே தெரிந்தால் சமையல்காரர் பருப்பு, சாதம், தயிர் ஏற்பாடு செய்துவிடுவார். ரசம் எதிர்பார்க்காதீர்கள்.

கையோடு கொண்டுபோகலாமா என்றால், ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுச் சோதனை கெடுபிடியானது. கறிவேப்பிலை, பழம், விதை, பால்கோவா மாதிரிப் பால் இனிப்பு, இவை குப்பைக்குத்தான் போகும். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட்டுகளைக் கொண்டுபோகலாம், ஆனால் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் 'ஆம்' என்று டிக் செய்யுங்கள். சொல்லிவிட்டுப் பறிகொடுத்தால் அபராதம் இல்லை. மறைத்து மாட்டினால் அபராதம் கடுமை, விசாவே ரத்தாகலாம். பாட்டி கட்டிக் கொடுத்த வடகத்துக்காக அந்த ரிஸ்க் வேண்டாம். டோரஸ் நீரிணைத் தீவிலிருந்து ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் பழம், செடி, மண் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு.

ஊர்களில் மது விஷயமும் அப்படியே. பல பழங்குடி ஊர்களில் மதுக் கட்டுப்பாடு சட்டம். கப்பலில் குடிக்கலாம், கரைக்குப் பாட்டில் போகக் கூடாது.

எந்த மாதம் போகலாம்? வாந்தி வருமா?

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், நல்ல வானிலை. ஆனால் சிறு கப்பல்கள் அந்த மாதங்களில் பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி கடற்கரைப் பக்கம் ஓடும். அங்கே போகும்போதும் திரும்பும்போதும்தான் கெய்ன்ஸ்–டார்வின் வழி அதிகம் கிடைக்கும். அதனால் பருவத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் தேடுங்கள். அக்டோபரில் டார்வின் புழுக்கம் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான், மற்றவர்கள் புலம்புவார்கள்.

டோரஸ் நீரிணையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் கப்பல் ஆடும். கார்ப்பென்டேரியா வளைகுடாவிலும் அப்படியே. குமட்டல் மாத்திரை ஆடுவதற்கு முன்பே போட்டால்தான் வேலை செய்யும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் உள்ள அறை குறைவாக ஆடும், விலையும் குறைவு.

கடலில் குளிக்கலாமா?

லிசார்ட் தீவுப் பக்கம் வழிகாட்டி சொல்லும் இடத்தில் உடம்பு முழுக்க மூடும் உடை போட்டுக்கொண்டு இறங்கலாம். மற்ற இடங்களில் குளிக்க இறங்கக் கூடாது. உப்புநீர் முதலை, பெட்டி ஜெல்லி மீன் இரண்டுமே உண்டு. முதலை ஆறு மீட்டர் வரை வளரும், முழங்கால் தண்ணீரிலும் ஆளைப் பிடிக்கும். பெசன்ட் நகர் பீச்சில் போல அலையில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தை டார்வின் போய்த் திரும்பும் வரை மூட்டை கட்டி வையுங்கள். படகிலிருந்து இறங்கும்போது ஊழியர்கள் இடத்தைப் பார்த்த பிறகே இறக்குவார்கள்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு, சர்க்கரை, முட்டி வலி. கூட்டிப்போகலாமா?

வயது ஒரு தடையே இல்லை. கப்பலில் பாதிப் பேர் அந்த வயதுதான். முட்டிதான் விஷயம். ஆடும் படகில் கால் தூக்கி வைத்து ஏறி இறங்க முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள், இரண்டு படி உயரம், கைப்பிடி இல்லாமல். முடியாவிட்டால் அவர் பாதி நாள் டெக்கிலேயே உட்கார்ந்திருப்பார். சிலருக்கு அதுவும் பிடிக்கும்.

பெரிய ஆஸ்பத்திரி டார்வினிலும் கெய்ன்ஸிலும்தான். நடுவில் எதுவானாலும் விமானத்தில் தூக்கிப்போக வேண்டியிருக்கும், அந்தச் செலவு நம் சேமிப்பைக் கரைத்துவிடும். அவசர வெளியேற்றம் சேர்ந்த காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோயையும் எழுதி எடுத்தது, கட்டாயம். மாத்திரையை இரண்டு மடங்காக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? விசா?

கப்பல் மட்டும் தலைக்கு ஆறு லட்சத்துக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். நல்ல அறை, நல்ல கம்பெனி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கும் ஆகும். விமானம் தனி. சிங்கப்பூர் வழியாகப் போவது சுலபம். ஏறும் ஊர் வேறு, இறங்கும் ஊர் வேறு என்பதால் போக வரச் சேர்த்து கெய்ன்ஸுக்கே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கெய்ன்ஸில் இறங்கி டார்வினிலிருந்து கிளம்புவது போல் கேளுங்கள். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே ஊரில் இருப்பது நல்லது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

விசா சப்கிளாஸ் 600, ஆன்லைனில் விண்ணப்பம். உங்கள் கப்பல் நடுவில் பப்புவா நியூகினியையோ இந்தோனேசியாவையோ தொட்டால், பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் அனுப்பும்போது டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, ஆடிட்டரைக் கேளுங்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் கட்டும் நாளில் கையில் பணம் இருக்க வேண்டும்.

கிம்பர்லியா, இதுவா? ஒன்றுதான் முடியும்.

பாறை, அருவி, ஓதம் பார்க்க ஆசை என்றால் கிம்பர்லி. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், அங்கே பத்து மீட்டரைத் தாண்டும். தண்ணீர் வற்றும்போது மான்ட்கோமரி பவளத்திட்டு கடலிலிருந்து எழுந்து வருவது போல இருக்கும், விளிம்பிலிருந்து தண்ணீர் அருவியாய்க் கொட்டும். படம் பிடிப்பவர்களுக்கு அதுதான் சொர்க்கம். மனிதர்களோடு பேச வேண்டும், கதை கேட்க வேண்டும் என்றால் கெய்ன்ஸ்–டார்வின். நான் இரண்டாவது கட்சி.

என்ன வாங்கிக்கொண்டு வரலாம்?

ஊர்க் கலைக்கூடத்தில் வாங்குங்கள், ஓவியர் பெயரோடு சான்றிதழ் தருவார்கள். நகரத்து நினைவுப்பொருள் கடைகளில் போலி நிறைய. இந்தோனேசியாவில் செய்ததைப் பழங்குடிகள் கையால் வரைந்தது என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆமை ஓடு, பவளம், இறகு சேர்ந்த எதையும் வாங்க வேண்டாம், இரண்டு நாட்டு சுங்கத்திலும் மாட்டும். திவி தீவில் அச்சடித்த துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். சுருட்டிப் பெட்டியில் வைத்தால் எடையும் இல்லை, தைத்தால் ஜோரான குர்தா.

போன், டிப்ஸ்?

நடுக்கடலில் சிக்னல் கிடையாது, கப்பலின் வைஃபையை நம்பி வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். டார்வின் நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால், கெய்ன்ஸ் நாலரை. வீட்டுக்குப் போன் பேசுவதாக இருந்தால் தேர்ஸ்டே தீவில் சிக்னல் வரும்போது பேசிவிடுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. கடைசி நாள் வரவேற்பறையில் பொதுவான பெட்டி ஒன்று இருக்கும், மனமிருந்தால் போடலாம். ஊர் வழிகாட்டிக்குக் கையில் நோட்டைத் திணிப்பதைவிட, அவர் ஊர்க் கலைக்கூடத்தில் ஒரு சின்ன ஓவியம் வாங்கலாம்.